நான் எதையும் தொடலைங்க

சாமி,

ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு நீ என் போனை எடுக்கவில்லை. எத்தனை தடவை அடித்தேன் என்று எண்ணுவதையும் விட்டுவிட்டேன். நேற்றுக் காலை நான் அனுப்பிய செய்தியை நீ பார்த்துவிட்டாய் என்று நீல டிக் இரண்டும் சொல்கின்றன, பதில் மட்டும் இல்லை. "பேசாமல் இரு" என்று நான்தானே சொன்னேன், அதனால் என்னிடமும் பேசாமல் இருக்கிறாய். இருபத்தாறு வருடத்தில் அம்மா சொல்பேச்சைக் கேட்பதற்கு உனக்கு இந்த ஒரு நாள்தான் கிடைத்ததா? கிண்டல் என்று நினைக்காதே. பயம் வந்தால் என் வாய் இப்படித்தான் போகும் என்பது உனக்குத் தெரியும். போனில் சொல்ல முடியாததை எழுதுகிறேன். முழுக்கப் படி. இதை ஒளித்து வைக்க வேண்டியதும் இல்லை, யாருக்கு வேண்டுமானாலும் காட்டு.

நீ சொன்னதை நான் புரிந்துகொண்டபடி முதலில் எழுதிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை மத்தியானம், படிப்பை முடித்துப் போய்விட்ட மாணவர்களின் பழைய கோப்புகளை உங்கள் பல்கலைக்கழகத்து சர்வரிலிருந்து நீக்கிக்கொண்டிருந்தாய். ஒரு ஃபோல்டருக்குப் பதில் இன்னொன்றைத் தேர்ந்து அழித்துவிட்டாய். அதில் இருந்தது இப்போது படித்துக்கொண்டிருக்கும் ஆராய்ச்சி மாணவர்களின் வேலை. பேக்கப் நாலு மாதமாக ஓடவே இல்லை என்பது அப்புறம்தான் உனக்குத் தெரிந்தது. அதே மத்தியானம் சர்வர் அறையில் ஏசி பார்க்க வந்தவர் ஒரு சுவிட்சை அணைத்துப் போட்டிருக்கிறார். "எல்லாரும் அந்த ஏசி ஆளு கரண்ட்ட ஆஃப் பண்ணுனதாலதான் போச்சுன்னு பேசிக்கறாங்கம்மா. நான் ஒண்ணும் சொல்லல. திங்கக்கிழம என்ன சொல்றதும்மா?" என்று கேட்டாய். உன் குரல் ஒன்பதாம் வகுப்புக் குரலாக இருந்தது. நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "நீயும் ஒண்ணுஞ் சொல்லாத சாமி. பேசாம இரு. அவியளே முடிவு பண்ணிக்குவாங்க" என்றேன். சோறு போட்டுக்கொள் என்பது போலச் சொன்னேன்.

போனை வைத்த பிறகுதான் என்ன சொன்னேன் என்பது உறைத்தது. ஏன் அப்படிச் சொன்னேன் என்பதற்குக் காரணங்கள் எனக்குத் தெரியும். உன்னை நிரந்தரமாக்க இன்னும் நாலு மாதம் இருக்கிறது. தை மாதம் கல்யாணம். பள்ளிபாளையத்துச் சம்பந்தி வீட்டார் பையனுக்குப் பல்கலைக்கழகத்தில் வேலை என்று சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லியாகிவிட்டது. வேலை போனால் அவர்கள் என்ன செய்வார்களோ என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன். இதெல்லாம் நிஜமான பயங்கள். ஆனால் அந்த வார்த்தை இந்தப் பயங்களிலிருந்து வரவில்லை. அது பன்னிரண்டு வருடமாக எனக்குள் தயாராக இருந்தது. ஒரு தடவை எனக்கு நானே சொல்லிக்கொண்டதை உனக்கும் எடுத்துக் கொடுத்துவிட்டேன். அந்தக் கதை உனக்குத் தெரியாது. உன் அப்பாவுக்கே நேற்றுச் சாயங்காலம்தான் தெரியும்.

நம் வீட்டில் ஒரு கேலிப் பேச்சு உண்டே, "நான் எதையும் தொடலைங்க, அதுவாப் போயிருச்சுங்க." நீ ஆறு வயதில் மிக்சி மூடியை உடைத்துவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அதை அப்படியே சொன்னாய். எனக்கும் அப்பாவுக்கும் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்துவிட்டது. அது நான் வேலை பார்த்த பல்கலைக்கழகக் கணினி மையத்து வசனம். முப்பது வருடம் அந்தப் பல்கலைக்கழகத்தில் யாருக்குக் கம்ப்யூட்டர் நின்றாலும் என் மேசைக்குத்தான் இன்டர்காம் வரும், எடுத்ததும் முதல் வாக்கியம் அதுதான். பேராசிரியர் சொல்வார், தேர்வுப் பிரிவுக் குமாஸ்தா சொல்வார், விடுதியில் வைஃபை பெட்டியைப் பிடுங்கித் துணிக்கொடி கட்டிய பிள்ளைகளும் சொல்வார்கள். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லிக் கொடுத்ததே இதுதான்: "என்ன செய்தீர்கள்" என்று யாரையும் கேட்காதீர்கள். கேட்டால் பயந்துபோய்ப் பொய் சொல்வார்கள், அந்தப் பொய்யை வைத்து நீங்கள் தப்பான இடத்தில் தேடுவீர்கள். "திரையில் என்ன தெரிகிறது" என்று கேளுங்கள். இதைச் சொல்லிக் கொடுத்த மகராசிதான் நான்.

என் அப்பா சங்ககிரியில் லாரிப் பட்டறை வைத்திருந்தவர் என்பது உனக்குத் தெரியும். ஆயுத பூஜைக்குப் பட்டறையில் ஒரு ஸ்பேனர்கூட வேலை செய்யக் கூடாது. எல்லாவற்றையும் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, வரிசையாகப் படுக்க வைத்துவிடுவார். மறுநாள் விஜயதசமியன்று நல்ல நேரம் பார்த்துத்தான் மறுபடி கையில் எடுக்க வேண்டும். நான் கம்ப்யூட்டருக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. வருடம் முழுக்க ஓடுகிறதே, ஒரு நாள் ஓய்வு வேண்டாமா என்பது என் கட்சி. மையத்தில் இருந்த கம்ப்யூட்டர்களையெல்லாம் அணைத்து, பொட்டு வைத்து, பொரிகடலை படைத்து, வாசலில் பூசணிக்காய் உடைப்போம். சர்வர் அறையை மட்டும் தொட மாட்டோம், கதவில் மாவிலை கட்டுவதோடு சரி. நீ ஒன்பதாவது படித்த வருடம் பூஜைக்குத் துணைவேந்தர் வருகிறார் என்றார்கள். சர்வர் அறையிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று மையத்து இயக்குநரிடம் சொன்னது நான். அந்த விசிறிகளின் இரைச்சலில் மணிச் சத்தமே கேட்காது என்பதால், எல்லாவற்றையும் நிறுத்திவிடலாம் என்று முடிவு செய்ததும் நான். அமைதியான அறையில் துணைவேந்தர் கற்பூரம் காட்ட, பக்கத்தில் நான் பட்டுப் புடவையில் நிற்கிற போட்டோ ஆசையும் இருந்தது. அதையும் மறைக்கவில்லை.

முருகேசன் என்று ஒருவர் எங்களிடம் இருந்தார். ஏஜென்சி மூலமாக வந்த ஒப்பந்த டெக்னீஷியன், என்னைவிடப் பத்து வயது சின்னவர், பெரிய படிப்பு இல்லை. ஆனால் ஒரு பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்து, இதில் எந்த டிஸ்க் இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்வார், சொன்னபடி நடக்கும். பூஜைக்கு முன்பு அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "மேடம், அந்தப் பழைய சர்வர மட்டும் நிறுத்த வேண்டாமுங்க. அதுல இருக்கற டிஸ்க்கெல்லாம் அஞ்சு வருசமா நிக்காம சுத்திக்கிட்டு இருக்குதுங்க. ஓடற வரைக்கும் ஓடும். ஒருக்கா நின்னுபோச்சுன்னா மறுபடி எந்திரிக்காதுங்க" என்றார். எனக்குக் கோபம் வந்தது. "சாமி கும்பிடற எடத்துல அபசகுனமாப் பேசாத முருகேசா. எங்கய்யன் பட்டறைல பூஜை போட்டு எந்த வண்டி ஓடாமப் போச்சு?" என்றேன். அந்தப் பழைய சர்வரை நான்தான் என் கையால் நிறுத்தினேன். அது இறங்கி அடங்கும் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அறை அவ்வளவு அமைதியாகி நான் பார்த்ததே இல்லை. மணிச் சத்தம் நன்றாகக் கேட்டது.

விஜயதசமி காலை நல்ல நேரத்தில் வந்து ஆன் செய்யச் சொல்லி முருகேசனிடம் சாவியைக் கொடுத்திருந்தேன். அவர் போன் செய்தபோது நான் உனக்கு இட்லி ஊற்றிக்கொண்டிருந்தேன். "ரெண்டு டிஸ்க் சுத்த மாட்டேங்குதுங்க மேடம்" என்றார். போய்ப் பார்த்தேன். அந்த சர்வரில் இருந்தது ஆராய்ச்சி மாணவர்கள் எழுதிவைத்த எல்லாமே. பேக்கப் டேப் இருக்கிறதே என்று ஓடிப்போய்ப் போட்டுப் பார்த்தால், அது சித்திரையோடு நின்றிருந்தது. அதன் பிறகு டேப் பெட்டி பிழை காட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. "நகல் எடுக்கப்பட்டது" என்று பதிவேட்டில் ஒவ்வொரு நாளும் பார்க்காமலேயே கையெழுத்துப் போட்டவளும் நான்தான். அந்த நிமிஷம் எப்படி இருந்தது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமை நீயும் அதில் நின்றிருப்பாய்.

மறுநாள் இயக்குநர் எங்கள் இருவரையும் கூப்பிட்டு நிற்க வைத்தார். "கடைசியா இதுல கை வெச்சது யாரு?" என்று கேட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நான் எதையும் தொடலைங்க சார். முருகேசன்தான் காலைல ஆன் பண்ணினாரு." அத்தனை வருடமாகக் கேலி செய்த வாக்கியம் என் வாயிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்தது. முருகேசன் பக்கத்தில்தான் நின்றார். திரும்பி என்னைப் பார்த்தார். நான் அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. டிஸ்க்குகள் இருக்கும் பெட்டியை முதலில் ஆன் செய்து, அது முழுக்க எழுந்த பிறகுதான் சர்வரை ஆன் செய்ய வேண்டும். அந்த வரிசை மாறினால் குழப்பம் வரும். வெளியே வந்ததும் நான் அவரிடம் மெதுவாக, அக்கறையாக, "அவசரத்துல வரிசைய மாத்திட்டியோ என்னமோ முருகேசா, நல்லா ஞாபகப்படுத்திப் பாரு" என்றேன். அவர் யோசித்தார். "மாத்தலைங்கன்னுதான் நெனைக்கறனுங்க" என்றார். சாயங்காலம் மறுபடி கேட்டேன். "தெரியலீங்க மேடம்" என்றார். அதற்கு அடுத்த நாள் தலையைக் குனிந்துகொண்டார்.

அவர் மாற்றவில்லை என்பது எனக்குத் தெரியும், சாமி. எந்த நேரத்தில் எது ஆன் ஆனது என்பதை இயந்திரம் தானே குறித்து வைத்துக்கொள்ளும். விஜயதசமி மத்தியானமே அதைப் பார்த்துவிட்டேன். பெட்டி முதலில், மூன்று நிமிடம் கழித்து சர்வர். வரிசை சரி. அதற்கு முன்பு, பூஜையன்று அதை நிறுத்திய வரிக்கு நேராக என் பெயர் இருந்தது. அதை அச்செடுத்து, நாலாக மடித்து, கைப்பையில் வைத்துக்கொண்டேன். ஏன் அச்செடுத்தேன் என்று இன்றுவரை எனக்கே தெரியாது. யாரிடமும் காட்டவில்லை.

இனி சொல்லப் போவதுதான் நீ கவனமாகப் படிக்க வேண்டியது. நின்றுபோன டிஸ்க்குக்கு வைத்தியம் உண்டு. கையே வைக்காமல் கழற்றி, அதற்கென்று இருக்கிற நிபுணர்களிடம் அனுப்பினால் பெரும்பாலும் மீட்டுவிடுவார்கள். ஆனால் என் கதைப்படி நோய் வேறு. வரிசை மாறியதால் அமைப்பு குழம்பிவிட்டது என்று நான் சொன்னேன், பழுது பார்க்க வந்தவர்கள் என்னை நம்பினார்கள். அத்தனை வருட அனுபவசாலி சொன்னால் நம்பாமல் என்ன செய்வார்கள்? பழைய டிஸ்க் இரண்டையும் மாற்றிவிட்டு, எல்லாவற்றையும் முதலிலிருந்து அமைத்தார்கள். நல்லபடியாகச் சுற்றிக்கொண்டிருந்த மற்ற டிஸ்க்குகளில் இருந்ததும் அதோடு துடைத்துப் போயிற்று. திரையில் பச்சைக் கோடு மெல்ல மெல்ல நகர்ந்ததை அவர்களுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். "நிறுத்துங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கைப்பை தோளில்தான் இருந்தது. என் பூஜை அந்தப் பிள்ளைகளின் வேலையை அழிக்கவில்லை சாமி, என் பொய்தான் அழித்தது.

பனமரத்துப்பட்டியிலிருந்து வரும் ஒரு ஆராய்ச்சி மாணவி, மையத்து வராந்தாவில் மூன்று நாள் உட்கார்ந்திருந்தாள். அவள் ஊர் ஏரித் தண்ணீரை வாராவாரம் எடுத்து அளந்து எழுதி வைத்தவள். நான் போகும்போதும் வரும்போதும் எழுந்து நிற்பாள். "மேடம், கொஞ்சமாச்சும் வந்துருமாங்க?" என்று கேட்பாள். மூன்றாம் நாள் நான், "இன்னொரு தடவ அளந்துக்கலாம்மா, ஏரி எங்கயும் போயிறாது" என்று ஆறுதல் சொன்னேன். அவள் அழவில்லை. "ஏரி இருக்குதுங்க மேடம். போன வைகாசித் தண்ணிய நான் எங்க போய் அளக்கறது?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனாள். அந்த வாரக் கடைசியில் முருகேசனை ஏஜென்சி நிறுத்திவிட்டது. போகும்போது என்னிடம் வந்து, "போயிட்டு வாரேனுங்க மேடம்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

அந்த வாரம் வீட்டில் நடந்தது உனக்கு நினைவிருக்கும். கணக்குத் தேர்வில் தோற்ற தாளில் அப்பா கையெழுத்தை நீயே போட்டுவிட்டு, யாரும் கண்டுபிடிப்பதற்கு முன்பே நீயாக வந்து என்னிடம் சொன்னாய். நான் உன்னைக் கன்னத்தில் அறைந்தேன். அதற்கு முன்பும் பின்பும் உன்னை அடித்ததில்லை. கையெழுத்துக்காக அடித்தேன் என்று நீ நினைத்திருப்பாய். இல்லை. என்னால் முடியாததை ஒரு சின்னப் பையன் வந்து எதிரே நின்று செய்துவிட்டான், அதைத் தாங்க முடியவில்லை. அதன் பிறகு நீ எதையும் நீயாக வந்து சொன்னதில்லை. வெள்ளிக்கிழமை நடந்ததை ஞாயிற்றுக்கிழமைவரை வயிற்றில் வைத்துக்கொண்டிருந்தாய் என்றால், அதை உனக்குப் பழக்கியவள் நான். மன்னித்துக்கொள் கண்ணு.

நேற்று சங்ககிரிக்குப் பஸ் ஏறினேன். முருகேசன் அங்கே இருப்பதாகப் பழைய ஆபீசில் ஒருவர் சொன்னார். கம்ப்யூட்டர் கடை ஏதாவது வைத்திருப்பார் என்று நினைத்து விசாரித்தால் ஒருவருக்கும் தெரியவில்லை. கடைசியில் லாரி ஷெட்டுகளுக்குப் பக்கத்தில் தார்ப்பாய் தைக்கிற கடையில் இருந்தார். தலை பாதி நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் மிஷினை நிறுத்திவிட்டு எழுந்துவிட்டார். "வாங்க மேடம், ஏனுங்க இந்த வெயில்ல? ஒரு போன் பண்ணியிருந்தா நானே வந்திருப்பனே" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். டீ வந்தது. உன்னைப் பற்றி விசாரித்தார். உன் வேலையைச் சொன்னதும் முகம் மலர்ந்து, "தம்பியும் நம்ம லைனுக்கே வந்துருச்சுங்களா" என்றார். இன்னும் நம்ம லைன் என்கிறார். அப்புறம் ஏன் இந்த வேலை என்று கேட்டேன்.

"நமக்கு அந்தக் கைராசி இல்லீங்க மேடம்" என்றார். "அத்தன புள்ளைங்க படிப்ப ஒரு சுவிட்ச்சுல அழிச்சுப்போட்டேன். அதுக்கப்பறம் எந்தப் பொட்டியத் தொட்டாலும் கை நடுங்குச்சுங்க. இது பரவால்லீங்க, தார்ப்பாய் கிழிஞ்சா திருப்பித் தைச்சுக்கலாம்." பிறகு அவராகவே சொன்னார். "பனமரத்துப்பட்டிப் புள்ளைய ஞாபகம் இருக்குதுங்களா? விசாரிச்சுக்கிட்டு அவிய ஊட்டுக்கே போனனுங்க. கால்ல உழாத கொறையா மன்னிப்புக் கேட்டேன். அந்தப் புள்ள ரொம்பத் தங்கமுங்க, பரவாயில்லீங்கண்ணான்னு சொல்லிருச்சு. மறுக்கா ஒரு வருசம் அளந்து முடிச்சிருச்சாம். அதுல கல்யாணந்தான் தள்ளிப் போச்சுன்னு அவிங்கம்மா சொல்லிச்சுங்க." நான் செய்ததற்கு அவர் போய் மன்னிப்புக் கேட்டிருக்கிறார். வேலையைத்தான் பறித்தேன் என்று இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த மனிதருக்குத் தன் கைமேல் இருந்த நம்பிக்கையையே பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.

அப்போதும் நான் சொல்லவில்லை. டீயைக் குடித்தேன், கல்யாணத்துக்குக் கட்டாயம் வர வேண்டும் என்றேன், எழுந்துவிட்டேன். பஸ் ஸ்டாப் வரைக்கும் போய்விட்டேன். சேலம் பஸ் வந்து நின்றது, கண்டக்டர் "ஏறுங்கம்மா" என்றார். படியில் ஒரு கால் வைத்தவள் இறங்கிவிட்டேன். தைரியம் வந்து இறங்கவில்லை, வீட்டுக்குப் போய் உட்கார்ந்து மறுபடி இதோடு இருக்க வேண்டுமே என்ற பயம்தான் இறக்கியது. திரும்பிப் போய், அந்தத் தாளை எடுத்து, அவர் தைத்துக்கொண்டிருந்த தார்ப்பாயின் மேல் விரித்து வைத்தேன். மடிப்புகளில் கிழிந்திருந்தது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலை வைத்து வரி வரியாகப் படித்தார். அந்த எழுத்தெல்லாம் அவருக்கு மறக்கவில்லை. "வரிசை சரியாத்தானுங்க இருக்குது" என்றார். பிறகு மேலே போய், நிறுத்திய வரியில் என் பெயரைப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னை ஏசவில்லை, மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. தாளை அதே மடிப்புகளில் மெதுவாக மடித்தார். கடைசியில், "இந்தத் தாள நான் வெச்சுக்கட்டுங்களா மேடம்? எம் பொண்டாட்டிகிட்டக் காட்டோணும்" என்றார். நான் கிளம்பும்போது எழுந்து நிற்கவில்லை. அது சரிதான்.

நேற்றுச் சாயங்காலம் பதிவாளருக்கு ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன், இன்று தபாலில் போகிறது. "அந்த சர்வரை நிறுத்தியது நான்" என்றுதான் ஆரம்பித்திருக்கிறேன். உன்னைப் பற்றி அதில் எதுவும் இல்லை. இதனால் என் பென்ஷனுக்கு ஏதாவது வருமா, போலீஸ் வரைக்கும் போகுமா, ஒன்றும் தெரியாது. அப்பா படித்துவிட்டு, "என்ன புள்ள இது, ஓய்வு பெத்த பொறவு எதுக்கு?" என்று கேட்டார். அப்புறம் அவரே போய்த் தபால்தலை வாங்கி வந்தார். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பயம் உன்னை நினைத்து வரும் பயத்தில் கால்வாசிகூட இல்லை.

நேற்றுக் காலை நான் உனக்கு அனுப்பிய செய்தி, "உன் ஆபீஸ் சர்வரில் இனி யாரும் எதையும் எழுதக் கூடாது, உடனே தடுத்து வை" என்பது. ஏன் என்று உனக்கே தெரியும். நீ அழித்தது இன்னும் அந்த டிஸ்க்கில்தான் இருக்கிறது, அதன் மேல் வேறொன்று எழுதப்படும் வரைக்கும். உன் ஆபீசில் எல்லாரும் கரண்ட் போனதால்தான் கெட்டது என்று நம்பி வயரையும் யூபிஎஸ்ஸையும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சர்வர் ஓடிக்கொண்டிருக்கிறது, பிள்ளைகள் புதிதாக எழுதிக்கொண்டே இருக்கிறார்கள், ஒவ்வொரு மணி நேரமும் கொஞ்சம் கொஞ்சமாக அவர்களுடைய பழைய வேலை மறைந்துகொண்டிருக்கிறது. நீ வாயைத் திறந்தால் நிறுத்திவிடலாம். திறக்காவிட்டால் வெள்ளிக்கிழமை நீ செய்தது கைத்தவறு, அதற்குப் பிறகு போவதெல்லாம் நீ தெரிந்தே போகவிட்டது. வேலை போகலாம் சாமி. கல்யாணமும் நின்று போகலாம், அப்படி நின்றால் நான் அழுவேன், உன் முன்னாலேயே அழுவேன். போகாது என்று உனக்குத் தைரியம் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. இருந்தும் போய்ச் சொல்.

காலையில் இதைப் போட்டோ எடுத்து உன் போனுக்கு அனுப்பிவிட்டு நான் பஸ் ஏறுகிறேன். மூன்று மணிக்குள் உன் ஆபீஸ் வாசலுக்கு வந்துவிடுவேன். உள்ளே வந்து உனக்காகப் பேச மாட்டேன், பயப்படாதே. அந்தப் பெண் உட்கார்ந்திருந்த மாதிரி வராந்தாவில் உட்கார்ந்திருப்பேன். நீ வெளியே வந்ததும் சேர்ந்து சாப்பிடலாம், புளிச்சோறு கட்டியிருக்கிறேன். சொல்லும்போது உன் மேலதிகாரியிடம் மட்டும் தனியாகச் சொல்லாதே. அந்த ஏசி மெக்கானிக்கைக் கூப்பிட்டு நிற்க வைத்து, அவர் எதிரிலேயே சொல். நான் பொய் சொன்னபோது முருகேசனும் பக்கத்தில்தான் நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை போனில் பேசியபோது முழுக்க நீ அவரை "அந்த ஏசி ஆளு" என்றே சொல்லிக்கொண்டிருந்தாய். நானும் கேட்கவில்லை. உன் வேலை, உன் கல்யாணம், சம்பந்தி வீடு என்று எல்லாவற்றையும் நினைத்த எனக்கு இதைக் கேட்கத் தோன்றவே இல்லை. வேறு எதற்குப் பதில் சொல்லாவிட்டாலும் இதற்கு மட்டும் பதில் அனுப்பு.

அவர் பெயர் என்ன, சாமி?

அம்மா